நாலே எழுத்து தெரிந்த மருந்துக்காரி

போன வாரத்துக் கட்டுரையைப் படித்துவிட்டு என் மகள் சண்டைக்கு வந்தாள். "கப்பல்ல வாந்தி எடுத்ததை ரெண்டு பக்கம் எழுதியிருக்க. ஆஸ்பத்திரி வேலை போனதை எப்பம்மா எழுதப்போற?" என்றாள். எழுதக் கூச்சமாக இருந்தது, அதனால் தள்ளிப்போட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நாற்பது பேர், ஒரு போத்தல்

ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே பனி இன்னும் கலையவில்லை. வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடுகிற பெரட்டுக் களத்தில் ஆள் பேர் கூப்பிட்டு முடிந்தாயிற்று. நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். என் இடது கையில் மருந்துப் போத்தல், வலது கையில் அவுன்ஸ் கிளாஸ். முதலில் நின்ற கிழவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்துவிட்டாள். கசப்பு மருந்து குடிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

நான் ஊற்றவில்லை.

"என்னா அஞ்சல, நின்னுக்கிட்டே தூங்குறியா? ஊத்து!" என்றார் கங்காணி ரெங்கசாமி. வேலைக்காட்டில் எங்களையெல்லாம் மேய்க்கிறவர் அவர்தான்.

"ஊத்த மாட்டேன்."

"என்னாது?"

"ஊத்த மாட்டேன் கங்காணி. இது நம்ம மருந்து மாதிரி தெரியல."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மூன்றாவது ஆளாக நின்ற என் புருஷன் மாரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பிடிவாதம் வந்தால் அது எதில் போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளாங்கிலிருந்து கேரி தீவுக்குப் போகும் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. பேர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த வாரப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறார்கள். கொசு மொய்க்கிற காடு. குளிர்காய்ச்சல் வராத வீடு கிடையாது. அதனால் விடியற்காலையில் பெரட்டுக் களத்திலேயே ஆளுக்கு ஒரு கிளாஸ் கொயினா கொடுத்துத்தான் பால் வெட்ட அனுப்புவார்கள். குடிக்காதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அந்தக் கிளாஸை நீட்டும் வேலை என்னுடையதாக இருந்தது.

கழலை உள்ள எழுத்துகள்

அந்த வேலை எனக்கு எப்படி வந்தது? சேர்ந்தது ஆஸ்பத்திரி ஆயாவாக. ஆஸ்பத்திரி என்றால் நீங்கள் பெரிதாக நினைக்கக் கூடாது. ஸிங்க் தகரக் கூரை, ஆறு கட்டில், ஒரு மருந்து அறை. பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, துணி அவிப்பது என் வேலை. மருந்து கொடுப்பது டிரசர் ஐயா. அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களுக்கு டாக்டரும் அவர்தான், கம்பவுண்டரும் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல கைராசி. ஆனால் மூன்று தோட்டத்துக்கு அவர் ஒருத்தர். சைக்கிளில் ஓடி ஓடியே மனிதர் பாதியாகிவிட்டார்.

அவர் இல்லாத நேரத்தில் மருந்துக்கு வருகிறவர்களை எத்தனை நாள் திருப்பி அனுப்புவது? எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. போத்தல்கள் எல்லாம் இங்கிலீஷ் பேசின. ஒரு வாரம் அலமாரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வழி பிடிபட்டது.

சில எழுத்துகள் எல்லாப் போத்தலிலும் இருந்தன. அவற்றால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சில எழுத்துகள் எங்கோ ஒன்றில்தான் இருந்தன. பாசார் கூட்டத்தில் கழுத்தில் கழலை உள்ளவனைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அது மாதிரி. வட்டத்துக்கு வால் முளைத்த எழுத்து காய்ச்சல் மருந்தில் மட்டும் இருந்தது. அதே லேபலில் பின்னால் ஒரு பெருக்கல் குறி. வாத்து மாதிரி வளைந்து நெளிந்தது கண் கழுவும் மருந்தில். தூண்டில் முள் மாதிரி இருந்தது பேதி மருந்தில். பெருக்கல் குறி மட்டும் தனியாக இருந்தால் பசி எடுக்க நாலே நாலு சொட்டு கொடுக்கிற மருந்து.

டிரசர் ஐயாவிடம் பேர் கேட்டேன். "க்யூ, எக்ஸ், இசட், ஜே" என்றார். க்யூ என்றால் குயினைன், எங்கள் வாயில் கொயினா. எக்ஸ் பின்னால் வந்தால் மிக்ஸ்சர், அதாவது கலவை. எக்ஸ் மட்டும் என்றால் நக்ஸ் வாமிகா, எட்டிக்கொட்டை. இசட் என்றால் ஸிங்க், துத்தநாகம். ஜே என்றால் ஜாலப், மலையேறிப் போன மலச்சிக்கலையும் இறக்கிக் கொண்டுவருகிற ஒரு கிழங்கு.

"நாலெழுத்தோட ஆஸ்பத்திரி நடத்துறாய்" என்று அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கிளாஸையும் கையில் கொடுத்துவிட்டார். மற்ற இருபத்திரண்டு எழுத்தும் எனக்கு வேண்டாதவை என்று நான் முடிவு செய்துகொண்டேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

பூ வாசம்

இனி அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். முந்தின நாள் சாயங்காலம் கிளாங்கிலிருந்து மருந்துப் பெட்டி வந்தது. டிரசர் ஐயா போத்தல்களை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் ஓடி வந்தான். அங்கே ஒருத்திக்குப் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். வைத்தது வைத்தபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய கொயினாப் போத்தல் காலி. புதியதில் வட்டத்துக்கு வால் இருந்ததை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தேன். கார்க்கைத் திறந்தேன். பூ வாசம் வந்தது. கிளாங் கடையில் விற்கிற தலைத்தைலம் மணக்கிற மாதிரி மணந்தது. கொயினாவுக்கு ஏது பூ வாசம்?

அப்போதுதான் கையில் இன்னொன்று உறைத்தது. போத்தல் கண்ணாடி வரி வரியாக இருந்தது. லேபலைத் திரும்பப் பார்த்தேன். வால் வட்டம் முதலில் இல்லை, மூன்றாவது இடத்தில் இருந்தது. பெருக்கல் குறி இல்லவே இல்லை. லேபலுக்குக் கீழே ஒரு சிவப்புச் சீட்டில் ஏதோ எழுதியிருந்தது. அதில் என் நாலு எழுத்தில் ஒன்றுகூட இல்லை, அதனால் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

"பொழுது ஏறுது. வெயில் வந்துட்டா பால் எறங்காது. துரைக்கு யார் பதில் சொல்றது? நீயா?" கங்காணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"டிரசர் ஐயா வரட்டும்."

"நீ ஆயா! உனக்கு என்னா தெரியும்? குடு, நான் ஊத்துறேன்."

கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் போத்தலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னை வெட்டிப் போட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றேன். நாற்பது பேர் முன்னால் ஒரு கங்காணி ஒரு பொம்பளையிடம் போத்தலைப் பிடுங்கிப் பழக்கமில்லை. கணக்கெழுதுகிற கிராணியைக் கூப்பிடலாம் என்றால் அவர் இரண்டு மைல் தள்ளி ஆபீசில். அங்கே இங்கே ஆள் போய் வருவதற்குள் வெயில் வந்துவிட்டது. மருந்து குடிக்காமலேயே எல்லாரும் காட்டுக்குப் போனார்கள். அன்றைக்குப் பால் பாதிதான் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து அந்த லேபலை அப்படியே பார்த்து வரைந்தேன், சிவப்புச் சீட்டையும் சேர்த்து. கோலம் போட்டுப் பழகிய கை. ஒரு வளைவு தப்பவில்லை.

மத்தியானம் டிரசர் ஐயா வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்த சந்தோஷத்தில் வந்தவர் முகத்தில், போத்தலைப் பார்த்ததும் ஈயாடவில்லை. வாங்கி, உள் அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னா மருந்துங்க ஐயா அது?"

"உனக்குத் தேவையில்லாதது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புல்வெட்டில்

மறுநாள் துரை விசாரித்தார். தோட்டத்து மேனேஜர் அவர். வெள்ளைக்காரர்தான், ஆனால் உடைந்த தமிழ் பேசுவார். ஏன் வேலை தாமதம் என்று கேட்டார். டிரசர் ஐயா என்ன சொல்வார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். "எழுத்துத் தெரியாத பொம்பிளை, சேர். புதுப் போத்தலைக் கண்டு பயந்திட்டா" என்றார்.

"எழுத்து தெரியாது, மருந்து தொடாது" என்றார் துரை. அன்றே என்னைப் புல்வெட்டுக் கும்பலில் போட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்திருந்த நேரம் அது. வேண்டாத ஆள் என்று பேர் எழுதிவிட்டால் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். புல்வெட்டுக் கும்பலிலிருந்துதான் முதலில் பேர் எடுப்பார்கள். மாரிமுத்து இரவு சோறு தின்னும்போது "வாயை மூடிக்கிட்டு இரு புள்ள. கப்பல்ல ஏத்திருவானுங்க" என்றார்.

எனக்குப் பயமும் இருந்தது, அதைவிடக் கோபம் இருந்தது. நான் செய்தது சரியா தப்பா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருவேளை அது நல்ல மருந்தாகவே இருந்து, நான்தான் பைத்தியக்காரத்தனமாக உட்கார்ந்துவிட்டேனோ? எழுத்துத் தெரியாதவள் என்று அவர் சொன்னதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இங்கிலீஷைப் பொறுத்தவரை அது உண்மை. இங்கிலீஷ் தெரிந்த கிராணியிடம் தாளைக் காட்டியிருக்கலாம். காட்டினால் அரை மணியில் டிரசர் ஐயா காதுக்குப் போய்விடும், இருவரும் அவ்வளவு சிநேகிதம்.

அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஞாயிறு

என் நாத்தனார் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தாள். அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. கிளாங்கில் ரயிலேறி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் வீட்டுக்கு எதிரே ரயில்வே கிளார்க் ஒருவரின் மனைவி, மனோன்மணி என்று பேர். என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இங்கே வந்து, பேச ஆளில்லாமல் முற்றத்தில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தாளை நீட்டினேன்.

"ஆர் வரைஞ்சது? நீரோ? நல்லா வரைஞ்சிருக்கிறீர்" என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. "இதை எங்கயிருந்து எடுத்தனீர்?"

"என்னா எழுதியிருக்கு, சொல்லுங்க."

"மேல இருக்கிறது மருந்தின்ர பேர் போல. கீழ, இந்தச் சின்னச் சீட்டில, பாய்சன் எண்டு கிடக்குது. நஞ்சு."

உள்ளே போய் ஒரு தடித்த அகராதியை எடுத்து வந்தாள். மேலே இருந்தது லைக்கர் ஆர்செனிகாலிஸ். ஆர்செனிக் என்றால் பாஷாணம் என்று தேடிப் படித்துச் சொன்னாள். சில நோவுகளுக்குத் தண்ணீரில் கலந்து இரண்டு சொட்டு கொடுக்கிற மருந்து அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். வேறு மருந்தோடு குழம்பக் கூடாது என்றுதான் அதில் பூ வாசம் சேர்ப்பார்களாம், கைக்கே தெரியட்டும் என்றுதான் கண்ணாடியில் வரியாம். நான் கொடுக்க இருந்தது ஆளுக்கு ஒரு அவுன்ஸ்.

வத்தல் காயவைத்த பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் அந்தக் கிழவி. மூன்றாவது மாரிமுத்து. பின்னால் இன்னும் முப்பத்தேழு பேர். நான் சரியாகத்தான் செய்தேன் என்ற சந்தோஷம் அன்றைக்கு வரவே இல்லை. மனோன்மணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

யோசித்துப் பார்த்தால் என்னை நடுங்க வைத்தது ஆர்செனிக் அல்ல. பாய்சன் என்ற அந்தச் சொல்தான். அதில் க்யூ இல்லை, எக்ஸ் இல்லை, இசட் இல்லை, ஜே இல்லை. நான் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த எழுத்துகளே அதில் முழுக்க இருந்தன. மூக்கு மட்டும் அடைத்திருந்தால் அன்றைக்கு நாற்பது பேரையும் நானே மேலுலகம் அனுப்பியிருப்பேன்.

"எனக்கு இதைப் படிக்கணும்" என்றேன் அகராதியைக் காட்டி.

"அப்ப ஏயிலயிருந்து தொடங்குவம்."

"ஏயிலேர்ந்து ஆரம்பிச்சா நான் கெழவியாகித்தான் முடிப்பேன். எனக்குத் தெரிஞ்ச நாலுலேர்ந்து ஆரம்பிங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் புரட்டிப் பார்த்தபோது நான் சொன்னதில் நியாயம் இருந்தது. எக்ஸ் அரைப் பக்கம்கூட இல்லை, அதனால் நடுவிலோ கடைசியிலோ எக்ஸ் வருகிற சொற்களையும் சேர்த்துக்கொண்டோம். இசட் இரண்டு பக்கம். க்யூ மூன்றோ நாலோ. முடிக்கக் கூடிய வேலை. அதிலும் ஒரு வசதி, க்யூ தனியாக வராது, யூவைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். அந்த யூ இன்னொன்றைக் கூட்டி வரும். இப்படி வேண்டாத எழுத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாக என் நோட்டுக்குள் வந்து சேர்ந்தன.

மாதம் ஒரு ஞாயிறு போவேன். அவள் படிப்பாள், நான் எழுதுவேன். அர்த்தத்தை அகராதி சொன்னபடி எழுத மாட்டேன், எனக்குப் பட்டபடி எழுதுவேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. குவாரன்டைன்: ஒரு தப்பும் செய்யாதவர்களைக் கப்பலிலிருந்து இறக்கி அடைத்து வைப்பது. குவாரி: என் கொழுந்தன் கல் உடைக்கிற இடம். குவாரல்: எனக்கும் கங்காணிக்கும் நடந்தது. ஆக்ஸ்: மாடு, ஒன்றானால் ஒரு மாதிரி, பலவானால் வேறு மாதிரி. எக்ஸாக்ட்: கூடவும் கூடாது, குறையவும் கூடாது, சொட்டு மருந்துக்கு வேண்டியது. ஜட்ஜ்: இரண்டு பக்கமும் கேட்கிறவர், எங்கள் தோட்டத்தில் இல்லை. ஸீல்: விடாப்பிடி.

"ஸீல் எண்டா ஆர்வம்" என்று திருத்தினாள் மனோன்மணி.

"எனக்கு விடாப்பிடிதான்" என்றேன். அப்படியே விட்டுவிட்டாள்.

புல்வெட்டும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெட்டுவேன். கூட வெட்டினவர்கள் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்தார்கள். இரண்டு தடவை கப்பலுக்குப் பேர் எடுத்தார்கள். இரண்டு தடவையும் தப்பித்தோம். மூன்றாவது பட்டியல் வருகிறது என்று பேச்சு அடிபட்டபோது இனிப் பொறுக்க முடியாது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

துரை முன்னால்

டிரசர் ஐயா தனியாக இருந்தார். நான் நாட்காட்டித் தாளை மேசைமேல் விரித்து, விரலை வைத்துப் படித்தேன். மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும்.

அவர் அந்தத் தாளை மெதுவாக மடித்தார். "எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை" என்றார் கடைசியில். "சொல்லியிருந்தா என்னை அனுப்பியிருப்பாங்கள். அஞ்சு பிள்ளையள் எனக்கு."

"என்னை அனுப்பினாங்களே ஐயா. எனக்குப் புருஷன் இல்லையா?"

நான் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். என் வேலை திரும்ப வேண்டும். நஞ்சு எப்போதும் பூட்டில் இருக்க வேண்டும். எல்லாப் போத்தலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "துரை விடமாட்டான். நான் கேக்கேலாது" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் விடுவதாக இல்லை.

மறுநாள் காலை துரை பெரட்டைப் பார்க்க வந்தார். டிரசர் ஐயாவும் களத்தில் நின்றார். நான் புல்வெட்டுக் கும்பலிலிருந்து விலகி நேராக அவர் முன்னால் போய் நின்றேன். "ஏய், ஏய்!" என்று கங்காணி பின்னால் ஓடி வந்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எழுத்து தெரியாதுன்னு என்னை எடுத்தீங்க. இப்போ தெரியும். போத்தலைக் கொண்டாரச் சொல்லுங்க, படிக்கிறேன்."

துரைக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். டிரசர் ஐயாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தட்டில் போத்தல்களை வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் படித்தேன். குயினைன் மிக்ஸ்சர், காய்ச்சலுக்கு. ஸிங்க் லோஷன், கண்ணுக்கு. ஜாலப், மலச்சிக்கலுக்கு. நக்ஸ் வாமிகா, நாலு சொட்டுக்கு மேல் கூடாது.

தட்டின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு போத்தல் இருந்தது. வரி வரியான கண்ணாடி. அதைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரே பூட்டைத் திறந்து எடுத்து வைத்திருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார், படி என்பது போல.

"லைக்கர் ஆர்செனிகாலிஸ்" என்று படித்தேன். "பாய்சன். விஷம்."

துரையின் முகத்தில் வேடிக்கை போய்விட்டது. டிரசர் ஐயா இரண்டு அடி முன்னால் வந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார். "அண்டைக்கு இவ குடுக்கமாட்டன் எண்டு நிண்டது இந்தப் போத்தல், சேர். வெளியில வைச்சிட்டுப் போனது நான். பிழை என்ர."

நாற்பது பேரும் அந்தப் போத்தலையே பார்த்தார்கள். அந்தக் கிழவி மெதுவாகத் தன் தொண்டையைத் தடவிக்கொண்டாள். மாரிமுத்து என்னைப் பார்த்தார். அழுகிறாரா என்று தெரியவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன்.

துரை டிரசர் ஐயாவோடு இங்கிலீஷில் காரமாகப் பேசினார். அவ்வளவு வேகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் மூன்று தோட்டத்துக்கும் ஆளில்லை என்று துரைக்குத் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு நீ குடு" என்றார்.

டிரசர் ஐயா கொயினாப் போத்தலையும் கிளாஸையும் என் கையில் கொடுத்தார். "பிடியும்" என்றார். அதுவரை அவர் என்னை நீர் என்று மரியாதை கொடுத்துப் பேசியதில்லை.

நான் வரிசைக்கு முன்னால் வந்தேன். கிழவியைத் தாண்டி, எல்லாரையும் தாண்டி, கங்காணி ரெங்கசாமி முதல் ஆளாக வந்து நின்றார். அவர் ஒருநாளும் வரிசையில் நின்று மருந்து குடித்தவர் இல்லை. நான் கார்க்கைத் திறந்து கிளாஸில் ஊற்றப் போனேன். அவர் கையை வைத்து மறித்தார்.

"மொதல்ல படி, அஞ்சல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

படித்தேன். அவர் வாயைத் திறந்தார்.